பனிப்பாறை நின்ற கோடு

அயோவா மாநிலத்தின் தெற்கு விளிம்பில் ஒரு மக்காச்சோளக் கொல்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மிசூரி மாநிலம். இரவெல்லாம் கொல்லையில் மேய்ந்த வெண்வால் மான் ஒன்று, விடியும் நேரத்தில் வேலியைத் தாண்டி மிசூரிப் பக்கத்து மரங்களுக்குள் படுக்கப் போகிறது. அந்த ஒரு தாவலில் அதன் உடைமைக்காரர் மாறிவிடுகிறார். வேலிக்கு வடக்கே இருந்தவரை அது அயோவா மக்களின் மான். தெற்கே குதித்ததும் மிசூரி மக்களின் மான்.

வெளிமாநிலத்திலிருந்து வில்லோடு வருகிறவருக்கு இந்த வேலி பெரிய விஷயம். மிசூரிப் பக்கம் என்றால் பணத்தைக் கட்டி, கைபேசியிலேயே அன்றைக்கே உரிமம் வாங்கிக்கொள்ளலாம். அயோவாப் பக்கம் கொம்புள்ள மானைக் குறிவைக்க வேண்டுமென்றால், வெளியாட்கள் அனைவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 6,000 உரிமங்கள்தான். குலுக்கலில் பெயர் விழ வேண்டும். விழாதவர் கணக்கில் ஒரு புள்ளி ஏறும். புள்ளி சேரச் சேர வாய்ப்பு கூடும். பெயர்பெற்ற வட்டாரங்களில் முறை வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

வனவிலங்கு வேட்டையைச் சட்டம் தடுத்துவிட்ட இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு, உரிமம் வாங்கிக்கொண்டு மான் வேட்டைக்குப் போவது என்பதே விநோதமாகப் படும். அமெரிக்கக் கதை வேறு வழியில் போனது. 1900 வாக்கில் அந்த நாட்டில் மிஞ்சியிருந்த வெண்வால் மான்கள் மூன்று முதல் ஐந்து லட்சம் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். தோலுக்கும் இறைச்சிக்கும் சந்தை இருந்தது, துப்பாக்கி மலிந்தது, சந்தைக்குக் கொண்டுபோக ரயிலும் வந்துவிட்டது. 1925-இல் மிசூரி முழுக்கத் தேடினாலும் 400 மான் தேறாது என்ற நிலை. பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். காட்டு இறைச்சி வியாபாரத்தை ஒழித்தார்கள், வேட்டைப் பருவத்தை மூடினார்கள், எஞ்சிய இடங்களிலிருந்து மான்களைப் பிடித்துக் காலியான காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று நாடு முழுக்க ஏறக்குறைய 3 கோடி. ஓநாயும் பூமாவும் பெரும்பகுதியில் இல்லாமல் போனதால், பயிரையும் இளமரங்களையும் மேய்ந்து தீர்க்கும் இந்தக் கூட்டத்தை மனிதர்தான் குறைக்க வேண்டியிருக்கிறது. அடித்த மானைத் தின்னலாம், தானமாகக் கொடுக்கலாம். விற்க மட்டும் கூடாது.

காட்டு விலங்கு பொதுச்சொத்து என்ற எண்ணத்துக்கு வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே மான் மன்னருடையதாக இருந்தது. அமெரிக்கர்கள் சுதந்திரப் போரில் மன்னரை விரட்டிய பிறகு அவர் கையில் இருந்ததெல்லாம் யார் கைக்குப் போயிற்று? நியூஜெர்சி ஆறு ஒன்றில் சிப்பி அள்ளும் உரிமை பற்றி 1842-இல் வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது: மக்கள் கைக்கு, அவர்கள் சார்பில் மாநிலம் அறங்காவலராக இருக்கிறது. சிப்பிக்குச் சொன்ன நியாயம் மெல்ல மானுக்கும் வந்து சேர்ந்தது. அப்படியானால் அறங்காவலர் உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளியூர்க்காரருக்கு வேறு விலை வைக்கலாமா? மொன்டானா வைத்தது. 1976-இல் எல்க் என்ற மான்வகையை வேட்டையாட அந்த மாநிலத்தவர் கட்டியது 9 டாலர். வெளியாட்களோ 225 டாலர் கொடுத்து, வேண்டியதும் வேண்டாததும் சேர்ந்த தொகுப்பு உரிமத்தைத்தான் வாங்கியாக வேண்டும். மினசோட்டாக்காரர்கள் சிலர் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-இல் தோற்றார்கள். பிழைப்புக்கான தொழிலில் மாநிலங்கள் வெளியாளைத் தள்ளிவைக்கக் கூடாது, ஆனால் எல்க் வேட்டை பொழுதுபோக்கு என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மூன்று நீதிபதிகள் உடன்படவில்லை. 2005-இல் நாடாளுமன்றமே இந்தப் பாகுபாட்டு அதிகாரத்தைச் சட்டமாக எழுதி மாநிலங்களிடம் கொடுத்துவிட்டது. உள்ளூர் வில்லாளி சில பத்து டாலர்களில் முடிக்கும் காரியத்துக்கு வெளியூர் வில்லாளி பல நூறு டாலர் எடுத்துவைப்பது இதனால்தான். அயோவாவின் கெடுபிடியைப் பார்த்து எரிச்சல் வரலாம். தன் மானைத் தன் ஆட்களுக்கு முதலில் வைத்துக்கொள்ளும் அறங்காவலரை என்னால் அவ்வளவு எளிதாகக் குறை சொல்ல முடியவில்லை.

உரிமம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே போய் நிற்பது? மான் பொதுச்சொத்து, அது நிற்கும் தரை பெரும்பாலும் தனியார் சொத்து. டெக்சஸில் 95 விழுக்காட்டுக்கு மேல் தனியார் நிலம்தான். நம்முடைய புள்ளிமான் அங்கேயும் இருக்கிறது. 1932-இல் கொண்டுபோய் விட்டது, இன்று சுண்ணாம்புக் குன்றுகளெங்கும் தானாகத் திரிகிறது. அயல்நாட்டு விலங்கு என்பதால் அதற்கு வேட்டைப் பருவமும் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது. ஆனாலும் மேயும் இடம் பண்ணைக்காரருடையது என்பதால் அவர் கேட்ட பணத்தைக் கொடுத்தால்தான் கிட்டே போகலாம்.

மறுபுறம், நடுவண் அரசு கையில் மட்டும் ஏறக்குறைய 64 கோடி ஏக்கர் இருக்கிறது. நாட்டின் பரப்பில் கால் பங்குக்கும் மேல். அதில் தேசியப் பூங்காக்களில் பொதுவாக வேட்டை கிடையாது. தேசியக் காடுகளில் பெரும்பகுதி திறந்தே கிடக்கும். நுழைய யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, பல காடுகளில் 14 நாள் வரை இலவசமாகக் கூடாரம் அடித்துத் தங்கலாம். சிக்கல் என்னவென்றால் இந்த நிலம் ஒரே சீராகப் பரவிக் கிடக்கவில்லை. நெவாடாவில் 80 விழுக்காடு நடுவண் அரசு நிலம். அயோவாவில் அரை விழுக்காடுகூட இல்லை.

ஏன் இப்படி என்று தேடிப்போனால் பனியுகத்தில் போய் நிற்கிறோம். கனடாப் பக்கமிருந்து பலமுறை இறங்கி வந்த பனிப்படலங்கள் வழியில் அகப்பட்ட பாறையையெல்லாம் அரைத்துக்கொண்டே நகர்ந்தன. நடுமேற்கில் அவை எட்டிய தெற்கெல்லை, மிசூரி மாநிலத்துக்குள் ஏறக்குறைய மிசூரி ஆற்றையொட்டிப் போகிறது. பிறகு இல்லினாய், இந்தியானா, ஒஹாயோவின் தென்பகுதிகளை நெளிந்து நெளிந்து கடக்கிறது. கோட்டுக்கு வடக்கே பனி விட்டுச்சென்ற அரைத்த மண், அதன்மேல் காற்று கொண்டுவந்து படிய வைத்த நுண்மணல் வண்டல். சமதரை, ஆழமான கருமண். தெற்கே பனி தொடாத பழைய மேடுபள்ளம். மெல்லிய மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறையும் சிக்கிமுக்கிக் கல்லும்.

இப்போது தேசியக் காடுகளின் வரைபடத்தை அதன்மேல் விரித்துப் பாருங்கள். மிசூரியில் மார்க் ட்வைன் காடு, இல்லினாயில் ஷானி, இந்தியானாவில் ஹூசியர், ஒஹாயோவில் வெய்ன். நான்குமே ஏறக்குறைய முழுவதும் பனி எட்டாத தென்மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. வடக்கே குடியேறிய உழவர்கள் நல்ல மண்ணைப் பிடித்தார்கள், இன்றுவரை விடவில்லை. தெற்கே ஓசார்க் குன்றுகளில் முதலில் மரக் கம்பெனிகள் வந்தன. மிசூரியின் கிராண்டின் ஊரில் நாட்டின் மிகப் பெரிய அறுவை ஆலைகளில் ஒன்று இரவுபகலாக ஓடியது. பைன் மரம் தீர்ந்ததும் கம்பெனி கிளம்பிவிட்டது. வெட்டிய காட்டில் உழுது பிழைக்கலாம் என்று வந்தவர்களுக்குக் கலப்பையில் கல்தான் தட்டுப்பட்டது. மழை மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போனது. நிலவரி கட்ட முடியாமல் விட்டுவிட்டுப் போனார்கள். ஆறுகளின் தலைப்பகுதியைக் காக்க நடுவண் அரசு நிலம் வாங்கலாம் என்று 1911-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அரசு இந்தக் கைவிட்ட நிலங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டு, வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு கன்று நட்டது. மார்க் ட்வைன் காடு 1939-இல் பிறந்தது இப்படித்தான். இன்று 15 லட்சம் ஏக்கர்.

வடக்கு விஸ்கான்சின், மிச்சிகன் காடுகளுக்கு இந்தக் கோட்டுக் கணக்கு பொருந்தாது. அங்கே பனி வந்தது. ஆனால் பல இடங்களில் அது விட்டுப்போனது வெறும் மணல், போதாக்குறைக்குக் குளிர். உழவர் தோற்றார், நிலம் பொதுவுக்கு வந்தது. மேற்கே வறண்ட பகுதிகளில் தண்ணீர் இல்லாததால் எவரும் கேட்டுவாங்காத நிலமே அரசிடம் மிஞ்சியது. ஆக, அமெரிக்காவில் காசில்லாமல் கால்வைக்கக் கூடிய மண்ணில் பெரும்பகுதி, உழவுக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட மண். மான் கொழுப்பதோ உழவு செழிக்கும் மண்ணில். சோளமும் சோயாவும் தின்று வளரும் அயோவா மானின் உடம்பும் கொம்பும் ஓசார்க் மானைவிடப் பெரியவை. ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும் கொம்பு, பாலூட்டிகளின் உடலில் மிக வேகமாக வளரும் திசுக்களில் ஒன்று, அதற்குப் புரதமும் தாதுவும் வேண்டும். பெரிய கொம்பு வேண்டுமென்றால் குத்தகைக்கோ வழிகாட்டி நிறுவனத்துக்கோ ஆயிரக்கணக்கில் எடுத்துவைக்க வேண்டும். இறைச்சியும் காடும் போதும் என்கிறவருக்கு ஓசார்க் போதும்.

ஓசார்க் காட்டில் மானைத் தேடுவது ஓக் மரத்தைத் தேடுவதுதான். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு. செப்டம்பர், அக்டோபரில் அது உதிரத் தொடங்கினால் மான்கள் மற்றதை விட்டுவிட்டு அதற்கு வரும். உதிரும் மரம் எது என்று கண்டுபிடித்து, இலைச்சருகில் புதுப் புழுக்கையும் உடைந்த ஓடும் கிடக்கிறதா என்று பார்த்து, பக்கத்து மரத்தில் பரண் கட்ட வேண்டும். எந்தப் பக்கத்து மரம் என்பதைக் காற்று முடிவு செய்யும். மானுக்குக் கண்ணைவிட மூக்கு பெரிது. குன்றுச் சரிவில் வெயில் ஏற ஏறக் காற்று மேல்நோக்கி நகரும், மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு வழியும். கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டத்தைப் பார்க்க, நம்மூர் எருக்குக்கு உறவான ஒரு செடியின் விதைப்பஞ்சைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். பரணிலிருந்து ஓர் இழையை விட்டால் அது ஐம்பது அறுபது மீட்டர் மிதந்துபோய், தன் உடல்வாடை எங்கே போய்ச் சேருகிறது என்று காட்டிவிடும். நேராகப் போன பஞ்சு திடீரென்று சுழன்று திரும்பி வந்தால் அந்தப் பரண் வீண்.

மானின் பார்வையும் வேடிக்கையானது. நம் கண்ணில் மூன்று வகை நிற உணர்விகள், அதற்கு இரண்டுதான். துப்பாக்கிக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளாமல் இருக்க அணியும் பளீர் ஆரஞ்சு மானுக்கு மங்கலாகத்தான் தெரியும். நீலம் நன்றாகத் தெரியும். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போவது புத்திசாலித்தனம் அல்ல.

இவ்வளவு பாடும் வில் என்பதால்தான். துப்பாக்கியென்றால் இருநூறு மீட்டரிலிருந்து சுடலாம். அம்புக்கு முப்பது மீட்டர் என்பதே தொலைவு. நவீன வில்லின் அம்பு நொடிக்குச் சுமார் 85 மீட்டர் போகிறது. ஒலியோ நொடிக்கு 340 மீட்டர். முப்பது மீட்டர் தள்ளி நிற்கும் மானை நாண் ஒலி 0.09 நொடியில் எட்டிவிடும், அம்பு போய்ச் சேர 0.35 நொடி ஆகும். இடையில் கால் நொடி. திடுக்கிட்ட மான் ஓடுவதற்காக முதலில் கால்களை மடக்கித் தாழ்கிறது. கால் நொடியில், தடையின்றி விழும் ஒரு கல் 30 சென்டிமீட்டர் இறங்கிவிடும். மான் செவிகொடுத்து அசைய எடுக்கும் நேரம் போனாலும், நெஞ்சுக்கு எய்த அம்பு முதுகுக்கு மேலே பறந்துபோக அந்தத் தாழ்வு போதும். எய்தவர் தவறே செய்திருக்க மாட்டார்.

இந்த இயலாமைதான் வில்லாளிக்கு வரமாக வந்தது. வில்லால் அதிக மான் சாகாது என்பதால் மாநிலங்கள் வில்பருவத்தை நீளமாக விடுகின்றன. துப்பாக்கிக்குச் சில வாரம் என்றால் மிசூரியில் வில்லுக்குச் செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை; துப்பாக்கிக்காரர்கள் இறங்கும் நவம்பர் நாட்கள் மட்டும் இடைவெளி. பகல் சுருங்குவதை உணர்ந்து ஆண்மான்கள் இணை தேடி நிதானமிழந்து அலையும் நவம்பர் முதல் வாரங்கள் பெரும்பாலும் வில்லாளிக்கே கிடைக்கின்றன. வில்லுக்கென்று தனியாக மான் பருவத்தை முதன்முதலில் திறந்தது விஸ்கான்சின், 1934-இல். சூழலியல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்ட் அந்த மாநிலத்தில்தான் இருந்தார். தன் வில்லைத் தானே செதுக்கிக்கொள்கிறவர். இன்றைய வில்வேட்டைக்கு ஆசான் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் இஷியைத்தான் சொல்ல வேண்டும். இனத்தார் எல்லோரும் அழிந்தபின் 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்குத் தனியாக வந்து சேர்ந்த யாஹி பழங்குடி மனிதர். அவரிடம் வில்செய்யவும் எய்யவும் கற்றவர் சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர். 1916-இல் இஷி காசநோயில் இறந்தார். போப் 1923-இல் எழுதிய வேட்டைநூல் வெள்ளையர்களை மீண்டும் வில்லெடுக்க வைத்தது. யாரை அழித்தார்களோ அவர்களிடமே கற்ற வித்தை இது என்பதை வேட்டைக்காரர்கள் அடிக்கடி நினைத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. பிறகு ஹாலிஸ் வில்பர் ஆலன் என்ற மிசூரிக்காரர் வில்லின் இரு முனையிலும் கப்பி பொருத்தி 1969-இல் காப்புரிமை பெற்றார். முப்பது கிலோ விசையில் இழுத்த நாணை, முழுக்க இழுத்தபின் ஆறு கிலோ விசையில் பிடித்து நிற்கலாம். பலசாலிகளின் விளையாட்டு எல்லோருக்குமானது.

எல்லோருக்குமானதும் பொதுநிலத்தில் நெரிசல் கூடியது. ஆனால் பெரும்பாலோர் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குமேல் நடப்பதில்லை. மான்கள் இதைச் சில நாட்களில் கற்றுக்கொள்கின்றன. கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை மாட்டிப் பார்த்ததில், ஆள்நடமாட்டம் கூடியதும் அவை பகலில் அடர்ந்த இடங்களுக்கோ தனியார் நிலத்துக்கோ ஒதுங்கி, இருட்டிய பின் மேய வருவது தெரிந்தது. செங்குத்தான சரிவு, ஓடையைக் கடந்துபோக வேண்டிய திட்டு, முள்புதர் என்று மனிதர் சலித்துத் திரும்பும் இடங்களே வெளியூர் வில்லாளியின் முதலீடு.

மேற்கே வேறு வகைத் தொல்லை. 1862-இல் ரயில்பாதை போட ஊக்கம் கொடுக்க, பாதையின் இருபுறமும் நிலத்தை ஒரு மைல் சதுரங்களாக வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்றைக் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். மீதிச் சதுரங்கள் அரசிடம் நின்றன. விளைவு, பொதுச் சதுரங்கள் முனையில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. நான்கு பக்கமும் தனியார். இப்படி முனையில் பூட்டிக்கிடக்கும் பொதுநிலம் மேற்கு மாநிலங்களில் 83 லட்சம் ஏக்கர் என்று ஒரு வரைபட நிறுவனம் கணக்கிட்டது. வயோமிங்கில் எல்க் மலையடியில் நிலக்காரர் ஒருவர் அத்தகைய முனையில் இரண்டு கம்பங்கள் நட்டுச் சங்கிலி போட்டு வைத்திருந்தார். மிசூரியிலிருந்து வேட்டைக்கு வந்த சிலர் 2021-இல் இரும்பு ஏணி ஒன்றைச் செய்து எடுத்துவந்தார்கள். ஒரு பொதுச் சதுரத்தில் ஏறி, மறு பொதுச் சதுரத்தில் இறங்கினார்கள். தனியார் மண்ணில் கால்படவில்லை. ஆனால் உடம்பு தனியார் காற்றைக் கடந்தது. அத்துமீறல் என்று வழக்கு. ஜூரிகள் விடுவித்தார்கள். தன் நிலத்தின் மதிப்பு 70 லட்சம் டாலருக்கு மேல் குறைந்துவிட்டதாக நிலக்காரர் உரிமையியல் வழக்குப் போட்டார். கால்நடை முதலாளிகள் பொதுநிலத்தை வளைப்பதைத் தடுக்க 1885-இல் வந்த பழைய சட்டத்தைத் தூசிதட்டி எடுத்த மேல்முறையீட்டு நீதிமன்றம், 2025 மார்ச்சில் வேட்டைக்காரர்கள் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. தீர்ப்பு செல்லுபடியாவது அந்த நீதிமன்ற வட்டத்துக்குட்பட்ட ஆறு மாநிலங்களில் மட்டும். மொன்டானா அதில் இல்லை.

பொதுநிலம் மிகக் குறைந்த சமவெளியில் கேன்சஸ் கண்டுபிடித்த வழி எனக்கு இன்னும் பிடித்தது. 1995 முதல் அந்த மாநிலம் உழவர்களுக்குக் குத்தகைப் பணம் கொடுத்து, வேட்டைப் பருவத்தில் அவர்கள் நிலத்தில் யாரும் நடந்து நுழையலாம் என்று ஏற்பாடு செய்கிறது. இன்று 10 லட்சம் ஏக்கருக்கு மேல். வேலியில் சிறு பலகை இருக்கும். வண்டியை வெளியே விட்டுவிட்டு நடக்கலாம், பண்ணைக்காரரின் கதவைத் தட்டவே வேண்டாம். வடக்கு டகோட்டா, நெப்ராஸ்கா, மொன்டானாவிலும் இதற்கு ஈடான திட்டங்கள் உண்டு. உரிமப் பணத்தோடு, மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிகளுக்கென்று 1937-இல் ஒதுக்கப்பட்ட ஒரு வரியும் கைகொடுக்கிறது: துப்பாக்கி, தோட்டாவின் விலையில் 10 அல்லது 11 விழுக்காடு, 1970-களில் வில்லும் இதில் சேர்ந்தது. தொகையை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது பாதி பரப்பளவை வைத்தும் பாதி உரிமம் வாங்கியவர் எண்ணிக்கையை வைத்தும் பிரிக்கிறார்கள். உரிமப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பினால் அந்த மாநிலத்துக்குப் பங்கு கிடையாது.

அம்பு பட்டு மான் விழுந்தபின், வெளியூர்க்காரருக்கு இன்னொரு எல்லை காத்திருக்கிறது. 1967-இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வுக்கொட்டிலில் மான்கள் காரணம் தெரியாமல் மெலிந்து செத்தன. 1978-இல்தான் அது மூளையைத் துளைக்கும் நோய் என்று தெரிந்தது. கிருமியல்ல, தவறாக மடிந்த ஒரு புரதம். இன்று 30-க்கு மேற்பட்ட மாநிலங்களில் பரவியிருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதற்குச் சான்று இல்லை. நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்பது மருத்துவத் துறையின் அறிவுரை. அந்தப் புரதம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும், செத்த மானின் மூளையும் முதுகுத்தண்டும் கொட்டிய இடம் பிற மான்களுக்கு ஆபத்தாகும். அதனால் பல மாநிலங்கள் முழு உடலை எல்லைக்குள் விடுவதில்லை. எலும்பு நீக்கிய இறைச்சி, தோல், சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகட்டோடு கொம்பு, அவ்வளவுதான். வெளியூர் வில்லாளி காட்டோரத்திலேயே கத்தியைத் தீட்டி, தொடையையும் முதுகுச் சதையையும் எலும்பிலிருந்து வகுந்தெடுத்துப் பனிப்பெட்டியில் அடுக்குகிறார். தொண்டைக்குப் பின்னாலுள்ள நிணநீர்க் கணுக்களை அந்த மாநிலத்தின் ஆய்வுக்குக் கொடுக்கிறார். முடிவு வர நாட்களாகும், சில சமயம் வாரங்களாகும். அதுவரை எந்த மானின் இறைச்சி எந்தப் பொட்டலத்தில் என்று எழுதி ஒட்டித் தனித்தனியாக உறையவைக்கச் சொல்கிறார்கள்.